உள்ளே பதினாலு பேர்

அந்தக் கடைசி வாக்கியம் வரவில்லை. "லாக்டவுன். லாக்டவுன். கதவைப் பூட்டுங்கள், விளக்கை அணையுங்கள், கண்ணில் படாமல் இருங்கள்" என்று பிரின்சிபாலின் குரல் ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொல்லிவிட்டு நின்றுவிட்டது. மங்கையர்க்கரசி கையில் பசை டப்பாவோடு சுவரின் மேல்மூலையிலிருந்த சாம்பல் நிறப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள், இதோ வரும், இப்போது வரும், இது பயிற்சிதான் என்று சொல்வார்கள், சொல்லாமல் இருந்ததே இல்லை, செப்டம்பரில் சொன்னார்கள், நவம்பரில் சொன்னார்கள், போன மாதம் சொல்லும்போது அந்த அம்மாளுக்கு நடுவில் தும்மல் வந்து குழந்தைகளெல்லாம் சிரித்தார்கள். பெட்டியில் கொஞ்ச நேரம் லேசான இரைச்சல் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. மறந்திருப்பார்கள், மனுஷிதானே, என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை பசை டப்பாவை வைத்துவிட்டுக் கதவுக்குப் போய்விட்டிருந்தது. தாழ்வாரத்தில் இடமும் வலமும் பார், யாராவது பிள்ளை நின்றால் உள்ளே இழு, யாரும் இல்லை, கதவைச் சாத்து, பூட்டு, இழுத்துப் பார், கண்ணாடிச் சதுரத்தின் மேல் கறுப்புத் துணியை இறக்கு, விளக்கு. எல்லாம் அவளுக்கு முன்னாலேயே அவளுடைய உடம்புக்குத் தெரிந்திருந்தது. டாலஸுக்கு வடக்கே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் கிண்டர்கார்டன் வகுப்புக்கு உதவியாளராக அவள் வந்து நாலாவது வருஷம். வகுப்பாசிரியை மிஸஸ் ஹார்லன் பல் டாக்டரிடம் போயிருந்தாள், பதினோரு மணிக்கு வந்துவிடுவேன் மங்கை, பட்டாம்பூச்சி ஒட்டுகிற வேலைதான், நீ பார்த்துக்கொள்ள மாட்டாயா என்றாள், பார்த்துக்கொள்கிறேன் என்றாள் இவள், பதினோரு மணிக்கு இன்னும் நாற்பத்தெட்டு நிமிஷம் இருந்தது. "கண்ணுகளா, மூலைக்கு. எலி மாதிரி" என்று அவள் இங்கிலீஷில் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது, இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறவள் யார் என்று. பிள்ளைகள் விரலெல்லாம் பசையோடு எழுந்து வந்தார்கள். எண்ணினாள். பதினாலு. மறுபடி எண்ணினாள். கேலப் தன் பட்டாம்பூச்சியையும் கையோடு எடுத்து வந்திருந்தான், இறக்கை ஒன்று இன்னும் ஒட்டவில்லை.

கதவிருந்த சுவரிலேயே, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாலும் தெரியாத மூலையில், கோட்டு மாட்டுகிற கொக்கிகளுக்குக் கீழே எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தார்கள், குழந்தைத் தலைகளின் வேர்வை வாசமும் நிலக்கடலை வெண்ணெய் வாசமும் சேர்ந்து வந்தது. அவள் சிவப்பு வாளியை இழுத்துக்கொண்டாள். அந்த வாளிக்குள் என்னென்ன இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்: ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டுகிற பட்டைகள் இரண்டு, ஒரு கறுப்பு மார்க்கர், ஈரத்துணிகள், யாருக்காவது அவசரமாக வந்தால் வாளியையே பயன்படுத்த ஒரு மூடி, மரத்தில் செய்த முட்டுக்கட்டை, இருபது குச்சிமிட்டாய். குச்சிமிட்டாய் மிஸஸ் ஹார்லனின் யோசனை, வாயில் மிட்டாய் இருந்தால் அழ மாட்டார்கள் என்று. மார்க்கர் எதற்கு என்று ஆகஸ்டில் பயிற்சி கொடுக்க வந்த போலீஸ்காரரிடம் இவள் கேட்டிருந்தாள், ப்ரூவர் என்று பெயர், தொப்பையும் சிவந்த கழுத்துமாகப் பார்க்க நல்ல மனிதர், பட்டையைக் கட்டின நேரத்தை நெற்றியில் எழுதுவதற்கு மேடம், ஆஸ்பத்திரியில் தெரிய வேண்டும் அல்லவா என்றார், யார் நெற்றியில் என்று கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்டாள். அன்றைக்கு மதியம் முழுக்கச் சாப்பாட்டு ஹாலில் அதேதான். முடிந்தால் ஓடு. முடியாவிட்டால் ஒளி. இரண்டும் முடியாவிட்டால் கையில் கிடைத்ததை எடுத்து அடி, தீயணைப்பு சிலிண்டரை எடு, நாற்காலியை எடு, கத்தரிக்கோலை எடு. ஓடும்போது நேராக ஓடாதே. ஒளியும்போது போனின் சத்தத்தை மட்டும் அல்ல, அதிர்வையும் நிறுத்து. ஐந்து வயசுப் பிள்ளைகள் பதினாலு பேரை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது, ஜன்னலுக்கு வெளியே விளையாட்டு மைதானம், அதைத் தாண்டிக் கம்பிவேலி, எல்லாம் வெட்டவெளி. ஆகவே ஒளி. ஆகவே கதவு. அதைச் சொல்லும்போது மட்டும் ப்ரூவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பூட்டின பிறகு அதைக் கதவு என்று நினைக்காதீர்கள், சுவர் என்று நினையுங்கள், எங்கள் ஆள் வந்து வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற வரைக்கும் அது சுவர், யார் தட்டினாலும். பின்வரிசையிலிருந்து ஒரு டீச்சர், பிள்ளை தட்டினால்? என்றாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார், மூடியைத் திருகி மூடினார், பிறகு மறுபடி திறந்தார். "பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது மேடம்" என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இவளும் எழுதினாள், தமிழில், சுவர் என்று ஒரே ஒரு வார்த்தை, சாயங்காலம் வீட்டில் நோட்டைத் திறந்த மகள் நிரஞ்சனா, எதுக்கும்மா இங்க சுவர்னு எழுதியிருக்க என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, வால்பேப்பர் ஒட்டறதப் பத்தி என்று சொன்னாள். பன்னிரண்டு வயசுப் பெண், நம்பவில்லை. அவளுடைய புத்தகப்பைக்குள் போன வருஷமே மங்கையின் கணவன் சேகர் ஒரு தகடு வாங்கி வைத்திருந்தான், குண்டு துளைக்காத தகடு, அது எத்தனை கனம் என்று மகள் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

டப். மிட்டாய்களைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது. டப், டப். வடக்குப் பக்கம், தூரத்தில் இல்லை, நூலகத்துக்குப் பக்கத்திலா, அதற்கும் இப்பாலா. பிள்ளைகள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், அரையிருட்டில் இருபத்தெட்டுக் கண்கள், அவள் முகத்தைப் பார்த்துத்தான் அது என்ன சத்தம் என்று அவர்கள் முடிவு செய்யப்போகிறார்கள், ஆகவே அவள் புருவத்தைக்கூட அசைக்காமல் அடுத்த மிட்டாயின் தாளைக் கிழித்தாள். டி.வியில் பேட்டி கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள், முதலில் பட்டாசு என்று நினைத்தேன், யாரோ பட்டாசு வெடிக்கிறார்கள் என்று நினைத்தேன் என்று, அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வரும், பட்டாசைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று. அவள் சாத்தூர்க்காரி. அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். மைதானத்தில் சரக்கைச் சோதித்துப் பார்க்கும்போது வீட்டில் உட்கார்ந்தபடியே இது லட்சுமி வெடி, இது அணுகுண்டு, இதில் மருந்து நமுத்துப்போயிருக்கிறது என்று எட்டு வயசில் சொல்வாள். ப்ரூவர் ஆகஸ்டில், நிஜச் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்று வெற்றுத் தோட்டா இரண்டு சுட்டுக் காட்டியபோது, இது பட்டாசு மாதிரியே இல்லையே என்று வாய்விட்டுச் சொன்னவள் இவள் ஒருத்திதான். அந்தக் காது இருக்கிறதே, இப்போது சொல் பார்ப்போம். டப் என்றால் எந்த டப். ஆனால் காதுக்குள் அவளுடைய நாடிதான் அடித்துக்கொண்டிருந்தது, அதைத் தாண்டி எதுவும் உள்ளே வரவில்லை, ஞாபகத்திலிருந்து அந்தச் சத்தத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிக் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் அது வேறு மாதிரி கேட்டது, முதல் தடவை இரும்பு, அடுத்த தடவை மரம், மூன்றாவது தடவை ப்ரூவரின் துப்பாக்கி. அப்பா வேலை செய்த ஆலையில் ஒவ்வொரு அறைக்கும் நாலு பேர், நாலு வாசல், கதவெல்லாம் வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், வேலை நேரத்தில் எந்தக் கதவும் சாத்தியிருக்கக் கூடாது, கதவைச் சாத்தினவனுக்கு அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அப்பா வீட்டிலும் எந்தக் கதவையும் சாத்த விட மாட்டார், குளிக்கும்போதாவது சாத்தக் கூடாதா என்று அம்மா குளியலறைக்குள்ளிருந்து கத்துவாள், பாயை இழுத்து வாசலுக்கு நேராகப் போட்டுத்தான் படுப்பார். திறந்த கதவு உயிர் என்று வளர்ந்தவளுக்குக் கடல் தாண்டி வந்து பூட்டின கதவு உயிர் என்று பாடம். இரண்டில் எதுவோ ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்று இல்லை, தீக்கு ஒரு கதவு, மனுஷனுக்கு ஒரு கதவு. இடுப்புப் பையில் போன் துடித்தது. அதிர்வை நிறுத்தவில்லை! ஆகஸ்டில் எழுதிக்கொண்டாயே. நிறுத்தினாள். திரையில் சேகர். 'எங்க இருக்க', 'தமிழ் குரூப்ல என்னமோ போடறாங்க', 'எடு', 'எடுக்காத', 'எடுக்காத மெசேஜ் பண்ணு', 'நிரஞ்சனா ஸ்கூல்ல ஒண்ணும் இல்ல கேட்டுட்டேன்'. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் உடம்பெல்லாம் இளகிற்று. உடனேயே அந்த இளக்கம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது, மடியில் இரண்டு பேர் தலை வைத்திருக்கிறார்கள், முழங்காலை ஆவா பிடித்திருக்கிறாள், இவர்களுடைய அம்மாமார்கள் யாருக்கும் இந்த வரி வரவில்லை.

அப்போதுதான் தட்டினார்கள். ஓங்கித் தட்டவில்லை, விரல்முட்டியால் மூன்று முறை, விருந்தாளி வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. ஒரு மிட்டாய் பல்லில் மோதும் சத்தம் கேட்டது, பிறகு எந்தச் சத்தமும் இல்லை, பதினாலு வாயும் நின்றுவிட்டன. "மிஸ் மேங்கோ?" என்றது வெளியில் ஒரு குரல். அந்தப் பெயரை மூன்று வருஷத்துக்கு முன்னால் வைத்தவளே அந்தக் குரலுக்குரியவள்தான், மங்கை என்று சொல்ல வராமல். "மிஸ் மேங்கோ, நான் டெஸா. நான் ஆபீஸுக்கு வருகைச் சீட்டு கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன். எங்க கிளாஸ் பூட்டியிருக்கு." மூன்றாம் வகுப்பு டெஸா, இங்கே கிண்டர்கார்டனில் இருக்கும்போது தினமும் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பாளே, அந்த டெஸா. ஒரு கணம், குரல் யாருடையது என்று தெரிந்த சந்தோஷத்தில், வா கண்ணு என்று வாய் திறந்தேவிட்டது. மூடினாள். சுவர். சுவர் பேசாது. ஆவா அவள் காதருகே வந்து, "யாரோ தட்டுறாங்க" என்று மூச்சாகச் சொன்னாள். உஷ் என்று அவள் தலையைத் தடவினாள். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது மேடம். கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியைப் பார்த்தாள், தாழ்வார வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது, அதில் இரண்டு இருட்டுத் துண்டுகள், இரண்டு கால்கள், இரண்டுதானா, நாலா, கண்ணை இடுக்கிப் பார்க்கப் பார்க்க அவை சேர்ந்து ஒன்றாயின, பிரிந்து மூன்றாயின. டெஸா தனியாகத்தான் நிற்கிறாள். எப்படித் தெரியும். குரலில் நடுக்கம் இல்லையே, முதுகில் துப்பாக்கி இருந்தால் குரல் நடுங்காதா. நடுக்கம் இல்லாததே தப்போ, நடுங்காதே என்று யாராவது சொல்லியிருந்தால். உள்ளே பதினாலு பேர், வெளியே ஒருத்தி. இந்தக் கணக்கைப் போட்டவன் வீட்டில் பிள்ளை இருக்காது. இருக்கும், ப்ரூவருக்கு மூன்று பிள்ளைகள், படம் காட்டினார். "மிஸ் மேங்கோ, ப்ளீஸ்." மறுபடி மூன்று தட்டல். மடியில் வெளிச்சம், சேகர்: 'கதவ மட்டும் திறக்காத. யாரு வந்தாலும் திறக்காத. எனக்காக.' ஏதோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவன் மாதிரி. எனக்காக என்கிறான், அந்தப் பிள்ளைக்கும் வீட்டில் யாரோ இப்போது இப்படிப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அம்மா, மாலையில் பச்சைச் சீருடையோடு வந்து கூட்டிப்போவாள். திற. திறந்து ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துப் பூட்டிவிடலாம், மூன்று நொடி. மூன்று நொடி போதும், துப்பாக்கியோடு நிற்பவனுக்கும் மூன்று நொடி போதும். கேலப்பின் மூச்சில் விசில் வந்தது, அவனுக்கு இழுப்பு உண்டு, மருந்து எங்கே, டீச்சர் மேஜை இழுப்பறையில், அந்த மேஜை ஜன்னலுக்கு நேராக. அப்பா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொன்னார், சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கேட்காமலேயே. தொண்ணூற்றிரண்டில் பதினேழாம் நம்பர் அறை தீப்பிடித்தபோது கருவேலங்காட்டைப் பார்த்து ஓடினேன், பின்னாலிருந்து யாரோ அண்ணேன்னு கூப்பிட்டாங்க, திரும்பல. யாருங்க கூப்பிட்டது என்று அம்மா கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மோர் ஊற்றினபிறகும் பிசைந்துகொண்டே இருந்தார். திரும்பியிருந்தால் அப்பா இல்லை, அப்பா இல்லாமல் இவள் படிப்பில்லை, கல்யாணம் இல்லை, இந்த ஊர் இல்லை, இந்த மூலை இல்லை, அவர் திரும்பாததால் இவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் அவருக்கு அது ஒரு பதிலாக இருந்ததில்லை, சாகும்வரை யாராவது தெருவில் அண்ணே என்றால் சட்டென்று திரும்பிப் பார்ப்பார், எல்லாக் குரலுக்கும் திரும்புவார், காய்கறிக்காரி யாரையோ கூப்பிட்டாலும். தட்டல் இல்லை. எப்போது நின்றது. கோடு போட்ட வெளிச்சத்தில் இருட்டுத் துண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, கண்ணில் நீர் மறைத்தது.

அவள் எழுந்துவிட்டாள். எழ வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இல்லை, ஆவாவின் விரல்களை ஒவ்வொன்றாக முழங்காலிலிருந்து பிரித்தது மட்டும் ஞாபகம், ஆவா பிடியை விடவே இல்லை, கடைசி விரலைக் கொஞ்சம் பலமாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுச் சுவரோடு சுவராகப் போனாள். வாளியிலிருந்து தீயணைப்பு சிலிண்டரை எடுத்துக்கொள் என்றது மூளை, சிலிண்டர் வாளியில் இல்லை, சிலிண்டர் தாழ்வாரத்தில் இருக்கிறது, வாளியில் இருப்பது மரக்கட்டை. பட்டாம்பூச்சி ஒட்டின மேஜையைக் கடக்கும்போது கை தானாக ஒரு கத்தரிக்கோலை எடுத்தது, கையில் பார்த்தால் பிள்ளைகள் காகிதம் வெட்டுகிற முனை மழுங்கின கத்தரிக்கோல், பச்சைப் பிடி. அதோடுதான் போய் நின்றாள். பூட்டின் திருகில் விரல் பட்டதும் முதுகுப் பக்கமாகப் பதினாலு பார்வையும் சுட்டது. நீ இவர்களுக்கு இதைச் செய்கிறாய். இவர்கள் அம்மாக்களிடம் யார் சொல்வது. திருகினாள். அந்தக் க்ளிக் சத்தம் அவள் வாழ்க்கையில் கேட்ட எந்த வெடியையும்விடப் பெரிதாக இருந்தது. ஒரு சாண் திறந்தாள். வெறும் தாழ்வாரம். பளபளப்பான தரை, சுவர் நெடுக ஒட்டியிருந்த குழந்தைகளின் கையச்சு ஓவியங்கள், கோடியில் வெளிவாசலின் சிவப்பு எழுத்து. டெஸா இல்லை. இடப்பக்கம் இல்லை. வலப்பக்கமும் இல்லை. "டெஸா" என்று கூப்பிட்டாள், கூப்பிட்டதாக நினைத்தாள், காற்றுதான் வந்தது. எதிர்ப்பக்கம் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இவளைப் போல ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு, இவள் கதவு திறந்த சத்தத்தைக் கேட்டு, வந்துவிட்டான் என்று நடுங்கிக்கொண்டிருப்பாள். அது தோன்றியதும் பின்வாங்கிக் கதவைச் சாத்திப் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், மறுபடி இழுத்துப் பார்த்தாள், முட்டுக்கட்டையைக் கீழே அடித்து இறுக்கினாள், போனைப் பார்த்தாள். பத்து இருபத்துநாலு. சேகர் 'எனக்காக' என்று அனுப்பினது பத்து இருபது. ஒரு நிமிஷம் யோசித்தேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள், மிஞ்சிப்போனால் ஒன்றரை. நாலு நிமிஷம். நாலு நிமிஷம் ஒரு எட்டு வயசுப் பிள்ளை ஆளில்லாத தாழ்வாரத்தில் நின்றிருக்கிறாள், அல்லது நாலு நிமிஷமும் நிற்கவில்லை, அதற்குள் யாரோ.

அதற்குப் பிறகு வந்த நேரத்தில் நடந்ததாக எதுவும் இல்லை. கேலப்பின் மருந்தைத் தவழ்ந்து போய் எடுத்து வந்தாள், அவன் இரண்டு இழுப்பு இழுத்தான், ஒருத்திக்கு வாளி தேவைப்பட்டது, ஒருவன் தூங்கிவிட்டான். சேகருக்கு, 'நல்லா இருக்கோம்' என்று அனுப்பினாள், இருக்கோம் என்று போட்டதை 'இருக்கேன்' என்று திருத்தலாமா என்று யோசித்தாள், எதற்கு என்று தெரியவில்லை. டெஸாவை மனசு ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தது. நூலகத்தில் வைத்தது, நூலகத்துப் பக்கம்தான் டப் கேட்டது, எடுத்துவிட்டது. வெளிவாசல் வழியாக ஓட வைத்தது, வேலி ஏறத் தெரியாது அவளுக்கு, எடுத்துவிட்டது. வேறு ஏதாவது டீச்சர் திறந்து உள்ளே இழுத்திருப்பாள், என்னைவிட நல்லவள் ஒருத்தி இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லாமலா போவாள், அங்கே கொஞ்ச நேரம் வைத்திருந்தது, ஆனால் அந்தத் தாழ்வாரத்தின் கதவுகளையெல்லாம் அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாளே, அத்தனையும் சுவர். திறந்திருக்கக் கூடாது, அல்லது உடனே திறந்திருக்க வேண்டும், இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் ஒரு பக்கமாவது நின்றிருக்கலாம், இப்போது விதியை மீறினவளும் நான்தான், பிள்ளையைக் கைவிட்டவளும் நான்தான். பூட்ஸ் சத்தம் வந்தது, கனமான, நிறைய பூட்ஸ், ஆவாவின் நகம் அவள் கையில் இறங்கியது, பிள்ளைகளையெல்லாம் பின்னால் தள்ளி அவள் முன்னால் நகர்ந்தாள், அந்த ஒரு அசைவில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை, யோசனையே இருக்கவில்லை, அது பிறகு நெடுநாள் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல். சாவி நுழைந்தது. முட்டுக்கட்டையில் கதவு இடித்து நின்றது. "போலீஸ். எல்லாம் முடிந்தது மேடம், பயப்பட ஒன்றும் இல்லை" என்றது ஓர் இளம் குரல்.

பயப்பட ஒன்றும் இருந்திருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் புதுச்சாலை போட நிலம் அளக்க வந்த ஆள், அளக்கிற கருவியை வைக்கும் முக்காலியை மடக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து போயிருக்கிறார், எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்து நீளத் துப்பாக்கி என்று போலீஸுக்குப் போன் செய்துவிட்டாள். டப் டப் என்று கேட்டது நூலகத்தில் கதவுக்கு முட்டுக்கொடுக்க அலமாரியை இழுத்தபோது சரிந்த இரும்புத் தட்டுகள். ஜிம்மில் பிள்ளைகளை வகுப்பு வாரியாக உட்காரவைத்துப் பெற்றோர்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது பிரின்சிபால் ஒலிபெருக்கி இல்லாமலேயே இதையெல்லாம் சொன்னாள், சிலர் சிரித்தார்கள், சிரிப்பு வேறு மாதிரி ஆகி நின்றது. அரக்கப்பரக்க வந்து சேர்ந்த மிஸஸ் ஹார்லனிடம் பதினாலு பேரையும் எண்ணி ஒப்படைத்துவிட்டு மங்கை மூன்றாம் வகுப்பு வரிசையைப் பார்த்து நடந்தாள். டெஸா இருந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மங்கை அவள் முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்க போன நீ?" என்று தமிழில் கேட்டு, மறுபடி இங்கிலீஷில் கேட்டாள். "பாத்ரூமுக்கு. கமோடு மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டேன், கால் வெளியில தெரியக் கூடாதுல்ல. மரத்துப்போச்சு" என்றாள் டெஸா. "என்னை மன்னிச்சிரு கண்ணு. நான் திறக்கல." டெஸா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்க திறக்கக் கூடாதே. எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒரு தடவை தட்டணும், திறக்கலேன்னா அடுத்த இடத்துக்குப் போயிரணும். நான்தான் ரெண்டாந்தடவையும் தட்டிட்டேன், நீங்க உள்ள இருக்கீங்கன்னு தெரிஞ்சதால." அவ்வளவு பெருந்தன்மையாக அதைச் சொன்னாள். அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியாமல்தான் மங்கை சொன்னாள், "அப்புறம் திறந்தேன். நீ போயிட்ட." முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "திறந்தீங்களா?" "ஆமா." "ஆனா உள்ள கிண்டர்கார்டன் பிள்ளைங்க இருந்தாங்களே" என்றாள் டெஸா, மெதுவாக, நோட்டில் தப்பைக் கண்டுபிடித்துவிட்டு அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி. மங்கை தரையில் கையை ஊன்றி எழுந்தாள். அதற்குள் பச்சைச் சீருடையில் ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து டெஸாவை அள்ளி எடுத்தாள், எட்டு வயசுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி, தலையை மோந்தாள், கையை, கழுத்தை, காதுக்குப் பின்னால் எல்லாம் தொட்டுப் பார்த்தாள், எங்கே இருந்தே, யாராவது கூட இருந்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "தனியாத்தான்மா. நானே ஒளிஞ்சுக்கிட்டேன்" என்ற டெஸா மங்கையைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. அம்மாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மங்கையிடம், "இங்கே இவள்கூட உட்கார்ந்திருந்ததற்கு நன்றி. நீங்கள் மிஸ் மேங்கோதானே, உங்களைப் பற்றி எவ்வளவு சொல்லியிருக்கிறாள்" என்றாள். தலையாட்டியிருந்தால் போதும். எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டிருந்த நேரம், யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. "அவள் என் கதவைத் தட்டினாள்" என்றாள் மங்கை. "குரல் தெரிந்தது. அவள்தான் என்று தெரிந்தது. நான் நாலு நிமிஷம் திறக்கவில்லை." அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று மங்கை எதிர்பார்த்தாள், வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. வரவில்லை. "நீங்கள் செய்தது சரிதான்" என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக. "அப்படித்தான் செய்ய வேண்டும். எனக்குப் புரிகிறது." சொல்லிக்கொண்டே மகளை மெல்லக் கீழே இறக்கி, தோளில் கைவைத்து, மங்கை நின்ற பக்கத்திலிருந்து தன்னுடைய மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். வாசல் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.